எல்லை தாண்டிக் கப்பலேறுவதற்கு முன்: குடும்பமாகச் செல்வோர் கவனிக்க வேண்டியவை

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாய் தகப்பனை விசிற் விசாவில் கூப்பிடும்போது, "இந்தமுறை எல்லாரும் சேர்ந்து கப்பலில போவம்" என்று சொல்வது இப்போது புதினமான கதையல்ல. ஒரு காலத்தில் நயாகரா நீர்வீழ்ச்சியும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலும் காட்டினால் போதுமாக இருந்தது. இன்று பிறந்தநாள், அறுபதாம் கலியாணம், சகோதரங்களின் ஒன்றுகூடல் எல்லாம் உல்லாசக் கப்பலுக்கு ஏறிவிட்டன. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, யாழ்ப்பாணம் என்று சிதறிய குடும்பம் ஒரே கூரையின் கீழ் ஐந்து நாள் இருப்பதற்கு அது வசதியான இடம்தான். சமையலும் இல்லை, யார் வீட்டில் தங்குவது என்ற மனஸ்தாபமும் இல்லை.

ஆனால் ரொறன்ரோவில் இருப்பவர்கள் பெரும்பாலும் போகும் பெரிய உல்லாசக் கப்பல் துறைகள் கனடாவில் இல்லை. நியூயோர்க் நகரின் மன்ஹற்றன், புரூக்ளின் துறைகளும், ஆற்றுக்கு அப்பால் நியூ ஜேர்சியின் பேயோனில் இருக்கும் கேப் லிபர்ட்டி துறையும்தான் வழக்கமான தெரிவுகள். ஏறத்தாழ 800 கிலோமீற்றர். நிற்காமல் ஓடினால் எட்டு ஒன்பது மணித்தியாலம், அதற்கு நடுவே ஒரு சர்வதேச எல்லை. அந்தத் தூரத்தை எதில் கடப்பது என்பதைப் பெரும்பாலானோர் விலையை வைத்து முடிவெடுக்கிறார்கள். கூட்டத்தில் மிகவும் பலவீனமான பத்திரம் யாருடைய கையில் இருக்கிறதோ, அவரை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் குடும்பத்துக்கு இந்த ஏற்பாட்டைச் செய்த பொறுப்பு என்னுடையது. அதிலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒரு கொப்பி எடுத்து எல்லாருடைய பத்திரங்களையும் எழுதினேன். பதினேழு பேர். ஏழு பேர் கனேடியக் கடவுச்சீட்டு. லண்டனிலிருந்து வரும் அண்ணனும் அண்ணியும் பிரித்தானியக் கடவுச்சீட்டு. பாரிஸ் சித்தியும் மகனும் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. கனடாவில் நிரந்தர வதிவுரிமையோடு இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருப்போர் ஐந்து பேர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவிடம் இலங்கைக் கடவுச்சீட்டும், கனடாவுக்கு ஒருமுறை மட்டும் நுழையும் விசாவும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும்தான் இவ்வளவும். 1983இலும் 1995இலும் 2009இலும் யார் எந்தப் பக்கம் ஓடினார்களோ அதற்கேற்ற நிறத்தில் கடவுச்சீட்டு.

இவர்களுக்கு அமெரிக்க எல்லையில் விதிகள் வேறு வேறு. கனேடியப் பிரஜைக்குச் சுற்றுலாவுக்கு விசா தேவையில்லை. பிரித்தானிய, பிரெஞ்சுப் பிரஜைகளுக்கு 'எஸ்ரா' எனப்படும் இணையவழி அனுமதி வேண்டும். முன்பு தரைவழியால் போவோருக்கு அது தேவைப்படவில்லை. 2022 ஒக்டோபரிலிருந்து பாலத்தால் போனாலும் தேவை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் கனடாவில் இருபது வருடம் வதிவுரிமையோடு இருந்தாலும் அமெரிக்க விசா எடுத்தே ஆகவேண்டும். அகதிகளுக்குக் கனடா வழங்கும் பயணப் பத்திரம் வைத்திருப்போருக்கும் அப்படியே. கனடாவில் அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணையில் இருப்பவர்கள் இந்தப் பயணத்தை நினைக்கவே கூடாது. அவர்களை 'எல்லை மட்டும் வந்து வழியனுப்புங்கோ' என்றுகூடக் கூப்பிடாதீர்கள். நயாகராப் பக்கத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் வாகனம் நேரே பாலத்தில் ஏறிவிடும், நடுவில் திருப்ப இடமில்லை.

அமெரிக்க விசாவைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு விசேடமாகச் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. விண்ணப்பத்தில், கிளர்ச்சிக் குழு ஒன்றில் இருந்தீர்களா, ஈடுபட்டீர்களா, பயங்கரவாத அமைப்புக்கு உதவி செய்தீர்களா என்ற கேள்விகள் இருக்கின்றன. அமெரிக்கா 1997 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டுச் சட்டத்தில் 'உதவி' என்ற சொல்லின் அகலம் மிகப் பெரிது. சாப்பாடு கொடுத்ததும், காசு கட்டியதும், படுக்க இடம் கொடுத்ததும் அதற்குள் வரலாம். வன்னியில் இருந்த எந்தக் குடும்பம் இதில் ஒன்றையாவது செய்யாமல் இருந்தது? வற்புறுத்தலின் பேரில் செய்தவர்களுக்கு விலக்களிக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அது நாங்கள் கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல, காலமும் எடுக்கும். பொய் சொல்லிவிட்டுப் போகலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்த் தகவல் கொடுத்து விசா எடுத்தது பிடிபட்டால் அதுவே தனியொரு காரணமாகி, வாழ்நாள் முழுவதும் கதவை அடைக்கக்கூடியது. குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் ஒருமுறை கதைத்துவிட்டு நிரப்புவதே நல்லது.

எங்கள் வீட்டில் இது வெறும் பேச்சாக இருக்கவில்லை. தங்கையின் கணவர் 2009 மே வரை வன்னியில் இருந்தவர். உள்ளதை உள்ளபடி எழுதினார். நேர்முகத்துக்குப் பிறகு அவருடைய விண்ணப்பம் மேலதிகப் பரிசீலனைக்கு என்று வைக்கப்பட்டது. பயண நாள் வரை பதில் வரவில்லை. கப்பலை விட்டுவிட்டு ஒன்ராறியோவில் ஏரிக்கரையில் ஒரு வீடு வாடகைக்கு எடுப்போமா என்று கேட்டேன். "நீங்கள் போட்டு வாங்கோ மச்சான், அம்மா எத்தினை தரம் வரப்போறா" என்றார். பதினேழு பதினாறாகியது. குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால், கப்பலுக்குக் காசு கட்டுவதற்கு முன்பே அவரோடு வெளிப்படையாகக் கதையுங்கள். முற்பணம் கட்டியபின் அவரிடம் கேட்டால் அவர் 'போங்கோ' என்றுதான் சொல்வார், வேறென்ன சொல்வது?

அடுத்த சிக்கல் அம்மாவின் கனேடிய விசா. கனடா முன்பு பெரும்பாலும் பலமுறை நுழையும் விசாவே கொடுத்தது. 2024 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஒருமுறையா பலமுறையா என்பதை அதிகாரி தீர்மானிக்கிறார். ஒருமுறை விசாவில் வந்தவர் வெளியே போனால் திரும்பி வர முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது: அமெரிக்காவுக்கோ, சென் பியர் மிக்கலோன் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கோ மட்டும் போய், கனடாவில் தங்க அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் திரும்பினால் புதிய விசா தேவையில்லை. 'மட்டும்' என்பதுதான் இங்கே முக்கியம். கப்பல் பஹாமாஸ் தீவிலோ பெர்மியூடாவிலோ நின்றால் அந்த விலக்கு போய்விடும். நியூயோர்க்கிலிருந்து புறப்படும் கப்பல்களில் கணிசமானவை போவது அங்கேதான்.

ஏன் எல்லாக் கப்பலும் வெளிநாட்டில் நிற்கின்றன என்று மருமகன் கேட்டான். 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றுதான் காரணம். வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல் அமெரிக்கத் துறையில் ஆட்களை ஏற்றி அதே துறைக்குத் திரும்புவதானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையையாவது தொடவேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடி உள்ளவை. ஆகவே கப்பலில் போகும் ஒவ்வொருவரும் அமெரிக்காவை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் அமெரிக்க விசா இதற்குப் போதாது. நாங்கள் தெரிவு செய்தது சென் ஜோன், ஹலிஃபக்ஸ் ஆகிய கனேடியத் துறைகளுக்குப் போகும் கப்பல். கனடாவிலிருந்து அமெரிக்கா போய்க் கப்பலேறிக் கனடா பார்ப்பதா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அம்மாவின் பத்திரத்துக்கு அதுதான் பொருத்தம். அம்மாவின் விசா நிலையைக் கப்பல் நிறுவனத்துக்கு எழுதி, ஏற்றுவோம் என்ற பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே காசு கட்டினோம்.

இனிப் போக்குவரத்து. எல்லாரும் முதலில் சொன்னது ஒரு முழு பஸ்ஸை வாடகைக்கு எடுப்பது. பாட்டுப் பாடலாம், ரோல்ஸ் சாப்பிடலாம், இளையராஜா போடலாம். ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு மலிவும்கூட. ஆனால் எல்லையில் பஸ் என்பது ஒரே மூட்டை. ஒருவரை மேலதிக விசாரணைக்குக் கூப்பிட்டால் மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். அத்தோடு சாரதியின் நேரமும் ஓடும். அமெரிக்க விதிப்படி பயணிகள் பஸ் சாரதி எட்டு மணித்தியால ஓய்வுக்குப் பின் பத்து மணித்தியாலம்தான் ஓட்டலாம். எட்டரை மணித்தியால ஓட்டத்துக்குப் பனியோ வாகன நெரிசலோ சேர்ந்தால் எல்லை தொட்டுவிடும். ஒரே சாரதியோடு விடியப்புறம் வெளிக்கிட்டுப் பின்னேரம் கப்பலைப் பிடிப்போம் என்று ஒரு நிறுவனம் சொன்னால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நேர அட்டவணைப்படி ஓடும் பொது பஸ் இதைவிடச் சிக்கல். அமெரிக்கப் பக்கத்தில் எல்லாரும் பெட்டிகளோடு இறங்கி வரிசையில் நிற்கவேண்டும். சில வருடங்களுக்கு முன் நான் அப்படிப் போனபோது எங்களோடு வந்த ஒரு இளைஞரை உள்ளே கூப்பிட்டார்கள். பஸ் முக்கால் மணித்தியாலம் நின்றது, பிறகு அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. தனியே போகும் இளைஞருக்கு அது ஒரு இரவுத் தொல்லை. எழுபது வயதுத் தாய்க்கு அப்படி நடந்தால்?

பிறகு எங்கள் ஊர் வழி: ஸ்காபரோவில் 'வான் ஓடுற' ஒருவர். தலைக்கு இவ்வளவு, வீட்டு வாசலில் ஏற்றித் துறைமுக வாசலில் இறக்குவார். காசு வாங்கி எல்லை தாண்டி ஆட்களை ஏற்றுபவருக்கு அமெரிக்க மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் அனுமதியும் வேண்டும். பதினைந்து பேர் அல்லது அதற்குக் குறைந்த இருக்கையுள்ள வாகனத்துக்கு 15 இலட்சம் டொலர், பதினாறும் அதற்கு மேலும் என்றால் 50 இலட்சம் டொலர் காப்புறுதி வேண்டும். பதிவிலக்கத்தைக் கேட்டேன். "அண்ணை, பத்து வருசமா ஓடுறன், ஒருத்தரும் கேக்கேல்ல" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் விபத்து நடந்த அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்பார்கள். பதினைந்து இருக்கை வானை நாங்களே எடுத்து ஓட்டலாமே என்றால், அதற்கும் ஒன்ராறியோவின் சாதாரண ஜி வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் போதாது, எஃப் வகை வேண்டும்.

புகையிரதமும் உண்டு. ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து நியூயோர்க்குக்கு 'மேப்பிள் லீஃப்' நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல், எல்லையில் தாமதமானால் இன்னும் கூட. அழகான பாதை, அவசரமில்லாதவர்களுக்கு.

விமானத்துக்கு ஒரு பெரிய நன்மை இருக்கிறது, அதை எங்கள் ஆட்கள் அதிகம் கவனிப்பதில்லை. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிவரவுப் பரிசோதனை ரொறன்ரோவிலேயே நடக்கிறது. அங்கே மறுத்தால் நீங்கள் கனடாவை விட்டு வெளியேறவே இல்லை, வீட்டுக்குத் திரும்பலாம். பாலத்தில் மறுத்தால் திரும்பி வந்து கனேடிய அதிகாரியின் முன் மறுபடி நிற்கவேண்டும். விசிற் விசாவில் இருப்பவருக்கு அது சிறிய விடயமல்ல.

திரும்பி வரும்போது கணக்கு மாறுகிறது. நிரந்தர வதிவாளர் ஒருவர் விமானம், பஸ், புகையிரதம், கப்பல் எதில் கனடாவுக்கு வந்தாலும் செல்லுபடியாகும் வதிவுரிமை அட்டையைக் காட்டவேண்டும்; இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள். சொந்த வாகனத்திலோ வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டும் வாகனத்திலோ வந்தால் எல்லை அதிகாரியிடம் வேறு பத்திரங்களைக் காட்டித் தன் நிலையை நிறுவலாம். ஆனால் எங்களைப் போலக் கனேடியத் துறையில் நிற்கும் கப்பலில் ஏறினால், அந்தக் கப்பலே ஒரு வர்த்தகப் போக்குவரத்துத்தான். ஐந்து பேரில் இன்னொருவரின் அட்டை முடியும் தறுவாயில் இருந்தது. ஆறு மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுத்தோம். அம்மாவின் விடயத்திலும் திரும்புவதற்கு வாகனமே மேல் என்று தீர்மானித்தேன். பயன்படுத்தி முடிந்த ஒருமுறை விசாவோடு நெவார்க் விமான நிலையக் கவுண்டரில் நின்று, அந்த விலக்கை விமான நிறுவன ஊழியருக்கு விளங்கப்படுத்துவதைவிட, எல்லையில் அந்த விதி தெரிந்த அதிகாரியிடம் நேரே கொடுப்பது இலகு.

ஆகவே கடைசியில் செய்தது இது. லண்டன், பாரிஸ் ஆட்கள் நால்வரையும் ரொறன்ரோவுக்குக் கூப்பிடவே இல்லை. நேரே நெவார்க்கில் இறங்கினார்கள். அம்மாவும் பெரியக்காவும் பியர்சனிலிருந்து விமானத்தில். மிகுதிப் பத்துப் பேரும் ஏழு இருக்கை வாடகை வான்கள் இரண்டில், ஆளுக்கு ஐந்தாக. ஏழு இருக்கை என்றால் ஏழு பேர் என்று நினைக்காதீர்கள். கப்பல் பெட்டிகளோடு ஐந்து பேர்தான். வாடகை ஒப்பந்தத்தில் அமெரிக்கா கொண்டுபோக அனுமதி எழுதப்பட்டிருக்கிறதா, ஓட்டப்போகும் எல்லாருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பும்போது அம்மாவும் அக்காவும் வானில் ஏற, கனேடியக் கடவுச்சீட்டு உள்ள மருமக்கள் இருவர் விமானத்தில் போனார்கள். செலவு? முழு பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூட.

முதல் நாளே போய்ப் பேயோனுக்குக் கிட்ட ஒரு ஹொட்டேலில் தங்கினோம். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். பயணிகளின் இறுதிப் பட்டியலைக் கப்பல் புறப்பட ஒரு மணித்தியாலம் முன்பே அமெரிக்க எல்லைத் திணைக்களத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். பதிவு அதற்கு முன்னரே மூடப்படும். பஃபலோவிலிருந்து சிரக்கியூஸ் வரையான பகுதி ஏரிப் பனிக்குப் பேர்போனது, நவம்பரிலேயே தொடங்கிவிடும்.

எல்லையில் எங்கள் மூத்தவர்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று பழகியவர்கள், சீருடையைக் கண்டவுடன் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். கேட்டதற்குக் குறைவாகப் பதில் சொல்வார்கள், கண்ணைப் பார்க்கமாட்டார்கள். அது அங்கே உயிர் காத்த பழக்கம். இங்கே அதிகாரிக்கு அது எதையோ மறைப்பது போலத் தெரியும். அம்மாவுக்கு முதல் நாள் இருந்து சொல்லிக்கொடுத்தோம்: எங்கே போறீங்கள், எத்தனை நாள், யாரோடு, எப்ப இலங்கைக்குத் திரும்புவீங்கள். தமிழில் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்புக் கேட்கலாம், அது குற்றமல்ல. பிள்ளை குறுக்கே விழுந்து பதில் சொல்வதுதான் அதிகாரிகளுக்குப் பிடிப்பதில்லை. கப்பல் பதிவு, திரும்பும் விமானச் சீட்டு, மகளின் அழைப்புக் கடிதம் மூன்றையும் அச்செடுத்து ஒரு கோவையில் அவர் கையிலேயே கொடுத்தோம். கைத்தொலைபேசியில் காட்டலாம் என்று நம்பியிருக்க வேண்டாம்.

வானில் வந்தவர்களுக்குச் சில சின்ன விடயங்கள். தாயோ தகப்பனோ இல்லாமல் வரும் பிள்ளைக்கு, வராத பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும். தங்கையின் மகனுக்குத் தகப்பனின் கடிதத்தைச் சட்டத்தரணி முன் ஒப்பமிட்டு எடுத்தோம். விசாவில் போவோர் பாலத்தில் உள்ளே இறங்கி நுழைவுப் பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டும். அதை முன்கூட்டியே இணையத்தில் செய்தால் நேரம் மிஞ்சும். சாப்பாட்டுச் சாமான் எதுவென்றாலும் கேட்கும்போது இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆட்டிறைச்சி ரோல்ஸ், மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் பறிபோகக்கூடியவை. சொல்லிவிட்டால் குப்பைத்தொட்டியோடு முடியும், சொல்லாமல் பிடிபட்டால் தண்டம். பிரித்த பிறகு ரோல்ஸ் முழுவதையும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஃபோர்ட் ஈரியில் வைத்துச் சாப்பிட்டு முடித்துவிட்டோம்.

இரண்டு வான்களையும் ஒரே வரிசையில் விடாமல் பதினைந்து நிமிட இடைவெளியில் விட்டோம். விசாக்காரர் இருந்த வான் முன்னுக்குப் போனது, தாமதம் வந்தால் அவர்களுக்கே கூட நேரம் இருக்கட்டும் என்று. அவர்களுக்கு உள்ளே ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. பின்னால் வந்த எங்களை நான்கு நிமிடத்தில் விட்டார்கள். அமெரிக்கப் பக்கம் இருந்த கோப்பிக் கடையில் அவர்களுக்காகக் காத்திருந்தோம்.